வெளித்திரையின் அமைப்பு நிலைபெறுமாறு

ஒரு காரியத்தை ஒருமுறை செய்து முடித்தல் எளிது. அது மறுநாளும் செய்தபடியே நிற்குமாறு செய்தல் அத்துணை எளிதன்று. லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியோடு வெளியேயுள்ள மானிட்டரொன்றை இணைத்துப் பயன்படுத்துவோர் இவ்வுண்மையை நாடோறும் உணர்வர். திரையின் அளவு யாது, அது வலப்புறம் நிற்பதோ இடப்புறம் நிற்பதோ, இரண்டனுள் முதன்மையானது எது என்பவற்றையெல்லாம் இன்று அரும்பாடுபட்டு அமைத்து வைத்தாலும், நாளைக் கணினியைத் திறக்குங்கால் அவை மறைந்துபோய், பழைய குருடி கதவைத் திறடி என்றாற்போல முதலிலிருந்தே தொடங்க நேர்கின்றது. இங்ஙனம் நேர்வது ஏன், தவிர்க்கும் வழி யாது என்பவற்றை யாம் பட்டறிந்த அளவில் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த மாணவராகிய யாம் மூவேம், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தச் சென்றிருந்தோம். கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில், பழைய மானிட்டரொன்றை மடிமீது வைத்துக் காத்துக்கொண்டு சென்றது இன்றும் நினைவிலிருக்கின்றது. மடிக்கணினியோ, 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக நண்பரொருவரின் தமையனார் பெற்றது. அதன் பேட்டரி முற்றும் தேய்ந்துபோனமையால், மின்சாரம் நின்ற அக்கணமே அதுவும் நின்றுவிடும். அதில் டெபியன் லினக்ஸையும், பழங்கணினிக்கேற்ற இலேசான எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப்பையும் நிறுவியிருந்தோம்.

வகுப்பு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். ஆறரை மணிக்கு முடிந்தாக வேண்டும். அடுத்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டுமுன் காட்டுப்பாதையைக் கடந்து வீடு சேர்தல் வேண்டுமன்றோ? கோடைமழையோடு காற்றடிக்கும் நாட்களில் மின்சாரம் இருமுறை மும்முறை போய் வரும். ஒவ்வொரு முறையும் மானிட்டர் தனக்குரிய 1366×768 என்னும் அளவை இழந்து, 1024×768 என்னும் அளவில் வந்து நிற்கும். எழுத்துக்கள் பக்கவாட்டில் இழுபட்டு மங்கித் தோன்றும். பின்வரிசைப் பிள்ளைகள் படிக்கமாட்டாமல் எழுந்து முன்னே வருவர். யாம் கட்டளைகளை மீண்டும் தட்டெழுதி அதனைச் சீர்செய்வதற்குள் கால்மணி நேரம் கழியும். தொண்ணூறு நிமிஷத்தில் முப்பது நிமிஷம் இவ்வாறு வீணான ஒருநாள், பத்தாம் வகுப்பிற்குச் செல்லவிருந்த சிறுமியொருத்தி, “அண்ணா, நேற்றுச் சொன்னதை இந்தப் பெட்டி இன்றைக்கு ஏன் மறந்துவிடுகிறது?” என்று கேட்டாள். விடை கூற அறியாது நின்றோம். அவ்வினாவிற்குரிய விடையே இக்கட்டுரை.

முதற்கண், கணினி ஒரு மானிட்டரை எவ்வாறு அடையாளங் காண்கின்றது என்பதை அறிதல் வேண்டும். மானிட்டர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய சிறு குறிப்பொன்றைத் தன்னுள்ளே வைத்திருக்கின்றது. அதற்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். வெசா என்னும் தரநிறுவனம் 1994-ஆம் ஆண்டில் வகுத்த இக்குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளே கொண்டது. தயாரித்தவரைக் குறிக்கும் மூன்றெழுத்து, பொருளெண், தொடரெண், செய்யப்பட்ட ஆண்டு, திரையின் அகல உயரங்கள், அது ஏற்கவல்ல படவளவுகள் ஆகிய இவையெல்லாம் அச்சிறு குறிப்பில் அடங்கும். அந்த 128 எண்களையும் கூட்டிவந்த தொகை 256-ஆல் மீதியின்றி வகுபடல் வேண்டும். வகுபடாதாயின் குறிப்பு வழியிற் சிதைந்ததென்று கணினி கொள்ளும். வி.ஜி.ஏ. கேபிளில் 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியும் இக்குறிப்பைக் கொண்டுவருவன. படத்தைக் கொண்டுவருவன வேறு ஊசிகள். ஆதலால், படம் நன்கு தெரியும்போதே மானிட்டரின் பெயர் மட்டும் கணினிக்குத் தெரியாமற்போதல் கூடும். இதனை வாசகர் நினைவிற் கொள்க.

இனி, திரைகளை ஆளும் நிரலைக் காண்போம். நெடுங்காலமாக லினக்ஸ் கணினிகளில் இப்பொறுப்பை ஏற்றுவந்தது எக்ஸ் சர்வர். எக்ஸ் என்பது 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைப்பரப்பின் அளவை மாற்றவும் திருப்பவும் வழிசெய்யும் ராண்டர் என்னும் நீட்சியை ஜிம் கெட்டிஸ், கீத் பேக்கார்டு என்னும் இருவர் 2001-இல் விளக்கி வெளியிட்டனர். 2007-இல் வந்த அதன் 1.2 பதிப்பு, திரைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும் நீக்கவும் இடந்தந்தது. எக்ஸ்ராண்டர் என்னும் கட்டளையால் யாம் மாலைதோறும் செய்துவந்தது இதுவே.

ஆனால் இக்கட்டளை வாய்ச்சொல் போன்றது. கேட்ட சர்வர் அதன்படி உடனே நடக்கும். எங்கும் எழுதி வைத்துக்கொள்ளாது. சர்வர் நின்றால் சொல்லும் அதனோடு அழியும். ஏட்டிலேறாத பாட்டு, பாடினவனோடு மறைவதை யொப்ப இதனைக் கொள்ளலாம். ஆகவே அமைப்பு நிலைபெற வேண்டுமாயின் அஃது எழுதப்படல் வேண்டும். உரிய இடத்தில் எழுதப்படல் வேண்டும். உரியவர் உரிய வேளையில் அதனைப் படித்தல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் பெட்டி மறந்ததாகவே தோன்றும்.

எழுதும் வேலையை டெஸ்க்டாப்புகள் தாமே செய்கின்றன. ஜினோம் டெஸ்க்டாப்பின் அமைப்புப் பகுதியில் திரையை ஒழுங்குசெய்து, மாற்றங்களை வைத்துக்கொள்க என்பதை 20 விநாடிக்குள் அழுத்தினால், பயனரின் கான்ஃபிக் கோப்புறையில் ‘மானிட்டர்ஸ்’ என்னும் எக்ஸ்.எம்.எல். கோப்பில் அது பதிவாகும். அழுத்தாவிடில் பழைய நிலையே திரும்பும். எக்ஸ்.எஃப்.சி.இ. ‘டிஸ்ப்ளேஸ்’ என்னும் கோப்பிலும், எக்ஸ் முறையில் இயங்கும் கே.டி.இ. ‘கேஸ்கிரீன்’ என்னும் கோப்புறையிலும் எழுதிவைக்கும். ஜினோமின் பதிவில் இணைப்புத் துளை, தயாரித்தவர் குறி, பொருளெண், தொடரெண் ஆகிய நான்கும் காணப்படும். அதனால் அதே மானிட்டரை வேறு துளையிற் செருகினால், ஜினோம் அதனைப் புதியதாகக் கருதி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து அமைக்கும். எப்பொழுதும் ஒரே துளையிற் செருகுதல் என்னும் சிறு பழக்கமே பலருடைய இடரைத் தீர்க்கும்.

பிறிதொரு மயக்கமும் உண்டு. டெஸ்க்டாப்பினுள்ளே திரை சரியாக இருப்பினும், கடவுச்சொல் கேட்கும் நுழைவுத்திரை மட்டும் தவறான திரையிலோ தலைகீழாகவோ தோன்றுதல் காணலாம். நுழைவுத்திரையை ஆள்வது வேறொரு பயனரின் பெயரால் இயங்கும் நிரலாகும். நம்முடைய வீட்டு ஏட்டை அது படிப்பதில்லை. ஜினோமின் நுழைவுநிரலாகிய ஜி.டி.எம்.-க்கு நமது கோப்பின் படியொன்றை அதன் கான்ஃபிக் கோப்புறையில் வைத்தல் வேண்டும். லைட்டி.எம். என்னும் நுழைவுநிரலாயின், நுழைவுத்திரை தோன்றுமுன் இயக்கவேண்டிய கட்டளைக்கோப்பை அதன் அமைப்பிற் குறிப்பிடுதற்கு இடமுண்டு.

எமக்கு நேர்ந்த இடர் இவ்விரண்டனுள் எதுவுமன்று. எக்ஸ்.எஃப்.சி.இ. தன் ஏட்டில் எழுதியே வைத்திருந்தது, ஆயினும் பயனில்லை. எங்கள் மானிட்டரின் குறிப்புக் கணினிக்கு வந்து சேரவில்லை. ஆதலால் கணினி அதனைப் பெயரறியாத் திரையாகக் கொண்டு, பொதுவான 1024×768 அளவை வழங்கிற்று. யாம் சி.வி.டி. என்னும் கருவியாற் புதிய படவளவொன்றைக் கணக்கிட்டு, அதனை எக்ஸ்ராண்டரால் சர்வருக்குச் சொல்லிவந்தோம். அக்கருவி அகலத்தை எட்டின் மடங்காகவே கொள்ளுமாதலின் 1366 என்பதை 1368 ஆக்கிற்று. எழுத்துக்கள் முற்றிலும் தெளியாமற்போனதன் காரணம் இதுவே. மின்சாரம் போய்ச் சர்வர் மறுபடி எழுந்தபொழுது அப்புதிய அளவே அதற்குத் தெரியாது. தெரியாத அளவை ஏட்டிற் கண்டும் டெஸ்க்டாப் என் செய்யும்?

உள்நுழையுந்தோறும் கட்டளைகள் தாமே ஓடுமாறு ‘எக்ஸ்புரொஃபைல்’ கோப்பில் எழுதினோம். ஓரளவு பயன்பட்டது, கேபிளைக் கழற்றிச் செருகினால் மறுபடியும் பழைய நிலையே. இறுதியில் கேபிளின் முனையை உற்றுநோக்கியபொழுது, 12-ஆம் ஊசி வளைந்து உள்ளே மடிந்திருக்கக் கண்டோம். ஒரு வாரம் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்த யாம் முதல்நாளே கேபிளைப் பார்த்திருத்தல் வேண்டும். மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து புதுக்கேபிள் ஒன்று வாங்கிச் சென்றோம். இணைத்தவுடன் மானிட்டர் தன் பெயரைக் கூறிற்று. 1366×768 தானே வந்தது. ஒருமுறை பதிந்துவைத்தோம், பின்னர் மாறவில்லை.

கேபிளை மாற்ற இயலாதார்க்கும் வழியுண்டு. எக்ஸ் சர்வர் எழும்போதே படிக்கும் ‘எக்ஸ்ஆர்க் கான்ஃப்’ கோப்புறையில், படவளவின் கணக்கையும் அதுவே விரும்பத்தக்கது என்பதையும் ஒரு சிறு கோப்பாக எழுதிவைத்தால், சர்வர் பிறக்கும்போதே அதனை அறிந்து பிறக்கும். 2008-இல் தொடங்கிய வேலண்டு முறையைப் பின்பற்றும் டெஸ்க்டாப்புகளில் எக்ஸ்ராண்டர் கட்டளை திரையை மாற்றாது; அங்கே டெஸ்க்டாப்பின் அமைப்புப் பகுதியையே நாடல் வேண்டும்; பெயரறியாத் திரையாயின் கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே படவளவைக் கூறலாம். எக்ஸ் முறையில், விடுதியில் ஒரு மானிட்டரும் வீட்டில் ஒரு மானிட்டருமாகப் பயன்படுத்துவோர்க்கு ஆட்டோராண்டர் என்னும் கருவி உதவும், அஃது ஈ.டி.ஐ.டி. கொண்டு இன்ன மானிட்டர் எனத் தெரிந்து, அதற்குரிய அமைப்பைத் தானே இடும்.

ஆகவே இடர்ப்படுவோர் முதலிற் கேபிளையும், அடுத்து மானிட்டரின் பெயர் கணினிக்குத் தெரிகின்றதா என்பதையும், அதன்பின் அமைப்பு ஏட்டிலேறியதா என்பதையும், இறுதியாக அவ்வேட்டைப் படிக்கவேண்டிய நிரல் எது என்பதையும் இம்முறையே ஆராய்வாராக.

யாம் மலையைவிட்டு இறங்குமுன் நடந்த கடைசி வகுப்பில் மின்சாரம் இருமுறை நின்றது. இருமுறையும் திரை தன் நிலையிலேயே வந்து நின்றது. வினாவிய சிறுமி அதனைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பின்வரிசையில் அமர்ந்தபடியே பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். இங்குக் கூறிய முறைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வகுப்பைத் தொடர்ந்து நடத்தவிருந்த அவ்வூர் அண்ணன் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். எம் நினைவில் மட்டும் இருந்தால், அதுவும் எம்மோடு மலையிறங்கிவிடுமன்றோ?