ஊரைப் படிக்கும் பொருளியல்

நுழையும்முன்

பொருளியல் என்றதும் வரைபடங்களும் வாய்பாடுகளும் பலருக்கு நினைவில் எழும். வேலையும் கூலியும் விலையும் வரியும் மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் வினாவிலிருந்து பிறந்தவை அவை. கடல்வணிகமும் ஆலைத்தொழிலும் கண்ட புதுச்சேரியில் இப்பாடத்தைப் பட்டப்படிப்பாகக் கற்போருக்கு, அவ்வினா ஊரின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அக்காலத்தை ஒட்டியே தாகூர் கலைக் கல்லூரியும், 1968இல் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியும் தோன்றின. தொடக்கத்தில் இக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. நாடாளுமன்றச் சட்டத்தின்வழி 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள காலாப்பட்டில் அதன் வளாகம் அமைந்துள்ளது. கல்லூரிகளில் இளங்கலையாகத் தொடங்கும் பொருளியல் கல்வி, பல்கலைக்கழகத்தில் முதுகலையாகவும் முனைவர் பட்ட ஆய்வாகவும் தொடர்கிறது.

எவற்றைக் கற்கின்றனர்?

தனி நுகர்வோரும் நிறுவனமும் முடிவெடுக்கும் முறையை நுண்ணினப் பொருளியல் ஆராய்கிறது. நாட்டு வருமானம், வேலைவாய்ப்பு, பணவீக்கம் ஆகியவற்றைப் பேரினப் பொருளியல் விளக்குகிறது. இவற்றோடு கணிதமும் புள்ளியியலும், பொது நிதி, பன்னாட்டு வணிகம், இந்தியப் பொருளாதாரம் முதலியனவும் இடம்பெறுகின்றன. கணிதம் கண்டு அஞ்சி இப்பாடத்தைத் தவிர்ப்பவரும் உண்டு. கணிதமே பொருளியல் என எண்ணி ஏமாறுபவரும் உண்டு. கணிதம் இங்கு ஒரு கருவி. அதனால் எதை அளக்க வேண்டும் என்று அறிவதே கல்வியின் அரிய பகுதி.

நீலத்துணி கற்பிக்கும் பாடம்

புதுச்சேரிப் பகுதியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலப் பருத்தித்துணி, ‘கினே’ என்னும் பெயரில் பிரெஞ்சு வணிகரால் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு அனுப்பப்பட்டது. அங்குக் கருவேல இனமரங்களின் பிசினைத் தருவோர் அதற்கு ஈடாக இத்துணியைப் பெற்றனர். நாளடைவில் அது பணத்தைப் போலவே கைமாறியது. அப்பிசினோ ஐரோப்பாவின் துணி அச்சுத்தொழிலுக்குத் தேவைப்பட்டது. ஆதலால், ஐரோப்பியத் தொழிலில் நேரும் மாற்றம் செனகலின் பிசின் வணிகத்தைத் தொட்டு, வங்கக் கடலோரத்து நெசவாளரின் தறிவரை வந்து சேர முடிந்தது. தொழிலாளருக்கான தேவை, அவர் செய்யும் பொருளுக்கான தேவையிலிருந்தே பிறக்கிறது என்னும் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பண்டமே பணமாகும் முறையையும், பன்னாட்டு வணிகத்தின் பயனும் இடரும் ஒருங்கே வருவதையும் இத்துணி காட்டுகிறது.

ஆலையின் இரு கணக்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகரில் இயந்திர ஆலைகள் எழுந்தன. நீண்ட வேலைநேரத்தையும் குறைந்த கூலியையும் எதிர்த்து ஆலைத் தொழிலாளர் போராடினர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. கூலியும் வேலைநேரமும் சந்தையின் தேவை, அளிப்பு ஆகியவற்றால் மட்டும் முடிவாவதில்லை. சட்டமும் தொழிற்சங்கமும் அவற்றை மாற்றவல்லன என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முதலியார்பேட்டையில் இயங்கிய ஏ.எஃப்.டி. ஆலை, பின்னாளில் அரசின் பொறுப்புக்கு வந்து, 2020இல் மூடப்பட்டது. நட்டத்தில் இயங்கும் ஆலையைப் பொதுப்பணத்தால் காக்க வேண்டுமா? அப்பணத்தால் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பது ‘வாய்ப்புச் செலவு’ என்னும் கருத்து. வேலையிழக்கும் குடும்பத்தின் வருமானம், பிள்ளைகளின் படிப்பு, நடுவயதில் புதுத்தொழில் கற்கும் இடர் ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதும் பொருளியலே. இவ்விரு கணக்குகளுள் ஒன்றை மட்டும் எழுதியவர் பாதிப் பொருளியலையே கற்றவர்.

> தெரிந்து தெளிவோம்
>
> சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர். அவர் வினாநிரல் ஒன்றை வகுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராயுமாறு மாணவர்களை ஏவினார். அவ்வாய்வுகள் 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அவ்வூரைப் பிற்கால அறிஞர்கள் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தனர். இதனால் 1916 முதல் 2008 வரை நிலவுடைமையும் உழைப்பும் அங்கு மாறிய வரலாறு நமக்குக் கிடைத்துள்ளது.

வகுப்பறைக்கு வெளியே

ஒரு நூற்றாண்டுக்கு முன் மாணவர்கள் தொடங்கிய களப்பணி இன்றும் பொருளியல் மாணவருக்கு வழிகாட்டி. புதுச்சேரியின் நிலப்பகுதி, தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கிடையே துண்டு துண்டாக அமைந்தது. சாலையில் சிறிது தொலைவு செல்வதற்குள் ஆட்சி எல்லை மாறும். எரிபொருள் போன்றவற்றின் மீதான வரி விகிதமும் மாறும். விலை வேறுபாடு வாங்குவோரை எல்லை கடக்கச் செய்கிறதா, அதனால் இரு அரசுகளின் வருவாயும் எவ்வாறு அமைகிறது என்பன நேரில் ஆராயத்தக்கவை. மீன்பிடித் துறையும் சுற்றுலாவும் இத்தகைய வினாக்களைத் தருகின்றன.

பொருளியல் பட்டம் வங்கி, ஆட்சிப்பணி, ஆசிரியப்பணி, ஆய்வு, புள்ளியியல் பணி எனப் பல வாயில்களைத் திறக்கும். எனினும் அதன் பயன் பணியோடு முடிவதில்லை. ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது அதன் செலவை ஏற்பவர் யார், பயனடைபவர் யார், கணக்கில் சேராது விடுபட்டவர் யார் என்று சான்றுகளோடு வினவும் குடிமக்களை அது உருவாக்குகிறது. ‘பொருள்’ என்னும் தமிழ்ச்சொல் செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். செல்வத்தின் கணக்கில் மனித வாழ்வின் அர்த்தத்தையும் தேடுவோரே அக்கல்வியை முழுமையாகக் கற்றவராவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மூடப்பட்ட அல்லது புதிதாகத் தோன்றிய தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனால் குடும்பங்களில் நேர்ந்த மாற்றங்களை ஒருபக்க அளவில் எழுதுக.
2. சிலேட்டரின் மாணவர்களைப் போல, உங்கள் தெருவின் தொழில்களையும் வருவாய் வழிகளையும் அறிவதற்குரிய பத்து வினாக்களை உருவாக்குக.