தோப்பில் ரூம் கட்டப் போறீங்களா? முதல்ல நாலு பண்ணையைச் சுத்திப் பார்த்துட்டு வாங்க!

தேங்காய்க்கு விலை இருக்கும்போது மரத்தில் காய் இருப்பதில்லை. காய் குலுங்கும்போது விலை இருப்பதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்காத டீக்கடை கிடையாது. போதாக்குறைக்கு, ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முதலாக 2016-ல் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். பின்னாலேயே கேரள வாடல் நோயும் வந்து சேர்ந்தது. மரத்தை வெட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான், வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடமிருந்து போன் வரும். “அப்பா, நம்ம தோப்புல ரெண்டு ரூம் கட்டிவிட்டா சனி, ஞாயிறு ஆள் வருவாங்கப்பா!”

நல்ல யோசனைதான். ஆபத்து, மறுநாளே இன்ஜினீயரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் போடச் சொல்வதில் இருக்கிறது. செங்கல் இறக்கிவிட்டால் பிறகு திரும்ப முடியாது. அதற்கு முன்னால் கணவனும் மனைவியுமாக ஒரு பத்து நாள் ஒதுக்கி, ஏற்கெனவே விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருக்கும் குடும்பப் பண்ணைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ், ரயில் டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தாலும் ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டும் காசுக்குள் முடிந்துவிடும்.

இது ஒன்றும் புது வழக்கமல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்ணையிலேயே விளைபொருளை விற்கிற, பார்வையாளர்களை அழைக்கிற விவசாயிகளுக்கென 1980-களிலிருந்தே ஒரு சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டில் பேச்சு ஒரு பக்கம் என்றால், விவசாயிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகக் காட்டுவது இன்னொரு பக்கம். 2022-ல் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த சர்வதேச வேளாண் சுற்றுலாப் பயிலரங்கிலும் பண்ணைப் பயணங்கள் இருந்தன. அதே ஆண்டு அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பின்படி, அந்த நாட்டில் 28,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் சுற்றுலா மூலம் வருமானம் பார்த்திருக்கின்றன. மொத்தம் 120 கோடி டாலருக்கும் மேல்.

பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஆரம்பிக்காமல், 200 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். பக்கத்து ஊர்க்காரர் காபி கொடுத்து உபசரிப்பார். கணக்கை மட்டும் சொல்ல மாட்டார். அவருக்கு நீங்கள் நாளைய போட்டியாளர். தூரத்து ஊர்க்காரருக்கு அந்தப் பயம் கிடையாது. தான் எங்கே சறுக்கினோம் என்பதைக்கூட மனம் விட்டுச் சொல்வார்.

பச்சைச் சோளம் சொல்லும் பாடம்

வடக்கே போவதென்றால் மகாராஷ்டிராவின் பாராமதி நல்ல இடம். விவசாயக் குடும்பத்தில் பிறந்த பாண்டுரங் தாவரே 2005-ல் வேளாண் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, பாராமதி அருகே பல்ஷிவாடியில் மாதிரிப் பண்ணையையும் அமைத்தார். இன்று அந்த மாநிலத்தில் நூற்றுக்கணக்கான பண்ணைகள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே மகாராஷ்டிர அரசு தனிக் கொள்கை கொண்டு வந்தது.

போவதானால் குளிர்காலத்தில் போக வேண்டும். அதுதான் ‘ஹுர்டா’ பருவம். பால் முற்றாத பச்சைச் சோளக்கதிரை வயலிலேயே வரட்டித் தணலில் வாட்டி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி உதிர்த்து, சுடச்சுடக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள சட்னிப் பொடி, வெல்லம். இதற்காகவே புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கார் கட்டி வருகிறார்கள். மதியத்துக்குக் கடலை மாவில் செய்த பிட்லா, சோள ரொட்டி, பச்சைமிளகாய்த் தேச்சா. பிறகு மாட்டு வண்டிச் சவாரி. சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, வருகிறவர்கள் பார்க்க ஆசைப்படுவது எதை என்பதுதான். நீச்சல் குளத்தை அல்ல. நம்மூர்ப் பாட்டிகள் காலங்காலமாகச் செய்துவந்த ஒன்றை, வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கிற ஒன்றை. ‘இப்போது விட்டால் அடுத்த வருடம்தான்’ என்பதே அந்தப் பண்ணைகளுக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம். நம் தோப்பிலும் தோட்டத்திலும் அப்படி ஒன்று இல்லாமலா போகும்? கரும்பு ஆலை ஓடும் நாளில் கொப்பரையிலிருந்து எடுத்த சூட்டு வெல்லம், பச்சை நிலக்கடலையைச் செடியோடு பிடுங்கி வேகவைக்கிற வாரம், நுங்குக் காலம், மாம்பழக் காலம் என்று வீட்டுக்கு வீடு ஒரு பருவம் இருக்கும்.

ரூமே இல்லாத குமரகம்

தெற்கே, வேம்பநாட்டுக் காயலோரம் இருக்கும் குமரகத்தை 2008 முதல் கேரள அரசு ‘பொறுப்புச் சுற்றுலா’வுக்கு முன்மாதிரியாக வளர்த்து வந்திருக்கிறது. கிராம வாழ்க்கையைக் காட்டும் பயணத்தில் ஒரு வீட்டில் கயிறு திரிப்பதைப் பார்க்கலாம். இன்னொரு வீட்டில் தாழை ஓலையில் பாய் முடைவதை. வேறோர் இடத்தில் தென்னை ஏறிக் கள் இறக்குவதை. சுற்றுலாப் பணம் ஒரே முதலாளியிடம் தேங்காமல் பல வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்த காய்கறியைப் பக்கத்து ஹோட்டல்களே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

ரூம் கட்டுவதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும் ரிசார்ட்டோடு கைகோக்கலாம் என்பது இங்கே கிடைக்கும் யோசனை. தூக்கம் அங்கே, காலைப்பொழுது நம் தோப்பில்.

ஆனால், பார்த்ததை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. கேரளத்தில் கள் இறக்குவது அனுமதிக்கப்பட்ட தொழில். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. விருந்தாளிக்கு ஒரு குவளை கொடுத்தாலும் வழக்குதான். நீராவுக்குக்கூட விதிமுறையும் அனுமதியும் தனியாக உண்டு. ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில், ‘இது நம்ம ஊர்ச் சட்டத்துக்கு ஒத்துவருமா?’ என்று ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வது நல்லது.

எட்டு தட்டுக் கோழிச் சாப்பாடு

நேரில் போய்ப் பார்க்க முடியாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டிய பண்ணை ஒன்று கலிஃபோர்னியாவில் இருக்கிறது. வால்டர் நாட், கோர்டீலியா தம்பதி 1920-ல் பியூனா பார்க்கில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பெர்ரி பயிரிட்டார்கள். பாதையோரத்தில் சின்னக் கடை. இன்னொருவர் உருவாக்கிக் கைவிட்டிருந்த கலப்பினச் செடியைத் தேடி எடுத்துப் பிழைக்க வைத்து, அவர் பெயரையே வைத்து ‘பாய்சன்பெர்ரி’ என்று விற்றார் வால்டர். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த 1934-ல், கோர்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து எட்டுப் பேருக்குக் கோழிச் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட்.

கைமணம் ஊரெல்லாம் பரவி, மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940-ல் பழைய காலத்து ஊர் ஒன்றை அங்கேயே அமைக்க ஆரம்பித்தார் வால்டர். அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்’ பொழுதுபோக்குப் பூங்கா ஆனது. கோடிகள் புரளும் வெற்றிக் கதைதான். ஆனால் இன்று அங்கே போனால் ரோலர் கோஸ்டர் இருக்கிறது, விவசாயம் இல்லை. பெயரில் மட்டும் பண்ணை மிச்சம்.

அது வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குடும்பம் முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். இத்தாலிக்காரர்கள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். 1985-ல் வந்து 2006-ல் திருத்தி எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின்படி விவசாயம்தான் முதன்மைத் தொழில். விருந்தோம்பல் அதற்குத் துணைதான். பரிமாறும் உணவிலும் சொந்தப் பண்ணையில், சுற்று வட்டாரத்தில் விளைந்தது கணிசமாக இருக்க வேண்டும். அங்கே இப்படி 25,000 பண்ணைகள் வரை இயங்குகின்றன. பேருக்கு நாலு வாழை நட்டுவிட்டு ‘ஃபார்ம் ஸ்டே’ போர்டு மாட்டும் ஆட்களுக்கு அங்கே இடமில்லை.

கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள்

பண்ணைக்குப் போனதும் முன்பக்கம் நின்று செல்ஃபி எடுப்பதோடு நிறுத்திவிட்டால் போன காசு வீண். பார்க்க வேண்டியவை பின்பக்கம் இருக்கின்றன. கழிப்பறை எத்தனை, யார் கழுவுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வரும் 15 கார் எங்கே நிற்கிறது? மழை பெய்தால் குழந்தைகளை எங்கே உட்கார வைக்கிறார்கள்? எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் எங்கே போகின்றன?

கிணற்றைக் கட்டாயம் பாருங்கள். கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகள் அறுபது, எழுபது அடி ஆழம். பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருக்கும். நகரத்துப் பிள்ளை ஓடிவந்து எட்டிப் பார்க்கும். முதல் விருந்தாளி வருவதற்கு முன் சுவரும் கம்பி வலையும் போட்டாக வேண்டும். இதில் பேரமே கூடாது. மின்வேலி, மருந்து தெளித்த வயல், கட்டிப்போடாத நாய் எல்லாமும் இதே கணக்குதான். கன்றுக்குட்டியைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தை சாப்பிட்டால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஆகவே தொழுவத்தின் வாசலிலேயே குழாயும் சோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பண்ணைக்காரர் விவரமானவர்.

பேச்சு நெருங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “ஏனுங்க, வருசத்துல எத்தனை நாளு ஆளே வராம காலியாக் கிடக்குமுங்க?” நல்ல மாதத்துக் கணக்கை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பரீட்சை மாதத்துக் கணக்கு, அடைமழை மாதத்துக் கணக்குதான் உங்களுக்குத் தேவை.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 லட்சம் கடன் வாங்கி இரண்டு ரூம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். ஒரு இரவுக்கு 2,500 ரூபாய் வாடகையில், வார இறுதிகளை நம்பி மொத்தம் 80 ரூம்-இரவுகள் போனால் 2 லட்சம் வரும். சாப்பாடு, சலவை, கரன்ட் என்று ஒரு இரவுக்கு 800 ரூபாய் கழித்தால் 1,36,000. வட்டி போக மிச்சம் 16,000 ரூபாய். அதுவும் அசலில் ஒரு பைசா அடைக்காமல்!

அதே குடும்பம் ரூம் கட்டாமல், ஒரு கொட்டகை, இரண்டு கழிப்பறைக்கு மட்டும் 3 லட்சம் போட்டு, வருடத்தில் 30 ஞாயிறு, வாரம் 20 பேர், தலைக்கு 600 ரூபாய் என்று பகல் விருந்து நடத்தினால்? வரவு 3,60,000. சாப்பாட்டுக்கும் கூலிக்கும் தலைக்கு 350 ரூபாய் கழித்து, வட்டி 30,000-ஐயும் கழித்தால் கையில் 1,20,000 நிற்கும். உங்கள் ஊர் விலைவாசிக்குத் தொகைகள் மாறலாம். பண்ணைகளில் கேட்டு வந்த உண்மையான தொகைகளைப் போட்டு இந்தக் கணக்கை மறுபடி எழுதிப் பாருங்கள்.

அடுப்படியில் யார்?

எந்தக் கணக்கிலும் எழுதப்படாத செலவு ஒன்று இருக்கிறது. 20 பேருக்குச் சமைப்பது யார்? பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணிக்கு எழுந்து, கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக முடியாமல், தன் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்க, சிரித்த முகத்தோடு பரிமாற வேண்டியவர் அவர்தான். அதனால் போகிற இடத்திலெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணோடு உங்கள் வீட்டுப் பெண் தனியாகப் பேசட்டும். ஆண்கள் வரவைப் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுப்படியில்தான் நிஜம் வெளிவரும். எத்தனை பேர் வரை சமாளிக்கலாம், எப்போது சமையலுக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும், மாதத்தில் எந்த ஞாயிறு லீவு, வருகிற பணத்தில் தன் பெயருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஊர் திரும்பியதும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, ஊராட்சியின் அனுமதி, தங்க வைப்பதாக இருந்தால் சுற்றுலாத் துறைப் பதிவு என்று விசாரிக்க வேண்டியவை வரிசையாக இருக்கும். மலையடிவாரம், காட்டோரம் என்றால் வனத்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். யானை வரும் பாதையில் இரவு விருந்து வேண்டாம்.

இதெல்லாம் முடிகிறவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கோவையிலோ திருப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர்களில் குழந்தைகள் உள்ள மூன்று குடும்பங்களை ஒரு ஞாயிறு வரச் சொல்லுங்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை அவர்கள் எதைப் பார்த்து நின்றார்கள், எப்போது போனை எடுத்தார்கள், குழந்தைகள் எங்கே ஓடினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். சாப்பாட்டுக்குக் காசு வாங்க வேண்டாம். போகும்போது மட்டும் கேளுங்கள், “வெளியாளா இருந்தா இதுக்கு எவ்வளவு குடுத்திருப்பீங்க?”