தானே கியர் மாறும் காரில் கைக்கு என்ன வேலை?

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. இங்கே தானியங்கி கியர் கார் ஓட்டுபவர், கியர்க் கம்பியை 'டி' என்ற இடத்தில் வைத்துவிட்டால் போதும். அப்படியிருக்க, பக்கத்திலேயே 'எம்' என்ற எழுத்தும் கூட்டல், கழித்தல் குறிகளும் எதற்காக?

இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோ வெளிவந்த பின், குறைந்த விலைக் கார்களிலும் இவ்வசதி பரவியது. இவ்வகைக் காரில் இருப்பது சாதாரணக் கியர்ப்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு விசையமைப்பு, கணினியின் கட்டளைப்படி இயக்குகிறது. காரின் வேகத்தையும் ஆக்சிலேட்டர் மிதியின் நிலையையும் கணினி அறியும். ஆனால், எதிரே வரும் இறக்கத்தை அது காணாது. உங்கள் கண் காணும்.

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள 40 லிட்டர் தண்ணீரை, அதாவது சுமார் மூன்று குடம் நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் பெரும்பகுதியைப் பிரேக்கே தாங்கினால் என்ன ஆகும்? பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும்; பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தளர்ந்து உள்ளே போய்விடும்.

இங்கேதான் 'எம்' உதவுகிறது. தாழ்ந்த கியரில் சக்கரங்களே எஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று வழி ஏறக்குறைய அடைபடுகிறது. பிஸ்டன்கள் காற்றை இழுக்கத் திணறுகின்றன. அந்தத் தடையும் உராய்வும் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பிரேக்கின் சுமை குறைகிறது.

எனவே, இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்து, கம்பியை 'எம்'முக்கு நகர்த்தி, கழித்தல் பக்கம் ஒவ்வொரு படியாகத் தள்ளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. மிகுந்த வேகத்தில் மிகத் தாழ்ந்த கியரைக் கேட்டால், எஞ்சினைக் காப்பதற்காகக் கணினி பொதுவாக மறுத்துவிடும். 'நியூட்ரல்' மட்டும் வேண்டவே வேண்டாம். எஞ்சினின் பிடி முழுவதும் போய்விடும்.

இன்னொன்று: எஞ்சினால் வேகம் குறையும்போது பின்புறச் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருபவருக்காகப் பிரேக்கை இலேசாக ஒருமுறை தொடுங்கள்.

குறிகளின் திசை காருக்குக் கார் மாறும். ஆகவே மலைக்குப் புறப்படுமுன், நம் ஊர் நேர்ச்சாலையில் வண்டி நடமாட்டம் இல்லாத வேளையில் பழகிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவு பாடம் படிக்கும் இடமல்ல!