திராட்சைக் கொடியின் உறக்கநிலையும் மொட்டு விழிப்பும்

திராட்சைக் கொடியின் உறக்கநிலை என்பது, குளிர் நாடுகளில் இக்கொடி இலைகளை உதிர்த்து, வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கும் காலத்தைக் குறிக்கும். இளவேனிலில் மொட்டுகள் மீண்டும் துளிர்ப்பது மொட்டு விழிப்பு எனப்படும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற வெப்பமான பகுதிகளில் கொடி முழு உறக்கத்திற்குச் செல்வதில்லை. அங்கு கவாத்து செய்துதான் மொட்டுகளைத் துளிர்க்க வைக்கின்றனர்.

உறங்கும் மொட்டு

பகற்பொழுது குறையத் தொடங்கும்போது பச்சைத் தண்டுகள் முற்றிப் பழுப்பு நிறமாகின்றன. இலைகள் தயாரித்த உணவின் ஒரு பகுதி மாவுச்சத்தாக வேரிலும் அடித்தண்டிலும் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கணுவிலும் உள்ளது ஒரு கூட்டு மொட்டு ஆகும். அதன் செதில்களுக்குள் பொதுவாக மூன்று மொட்டுகள் இருக்கும். முதன்மை மொட்டில் அடுத்த பருவத்தின் பூங்கொத்துகள் நுண்ணிய வடிவில் முன்பே உருவாகியிருக்கும். அது கருகிவிட்டால் துணை மொட்டு துளிர்க்கும்; ஆனால் காய்ப்பு குறைவாக இருக்கும்.

உறக்கநிலைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் தடை மொட்டுக்குள்ளேயே இருப்பதால், இதமான வெப்பம் கிடைத்தாலும் அது துளிர்க்காது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த குளிரில் போதிய நேரம் கழிந்த பிறகே இத்தடை நீங்கும். இரண்டாம் கட்டத்தில் மொட்டு ஆயத்தமாக இருக்கும். வெளியிலுள்ள குளிர் மட்டுமே தடையாகும். இந்த ஏற்பாடு இல்லையெனில், குளிர்காலத்தின் நடுவே வரும் சில வெயில் நாட்களில் மொட்டு துளிர்த்து, அடுத்து வரும் உறைபனியில் கருகிவிடும்.

விழிப்பு

மண் சூடேறியதும் வேர்கள் நீரை உறிஞ்சத் தொடங்குகின்றன. வேரழுத்தம் அந்நீரை மேலே தள்ளுவதால், கவாத்து செய்த வெட்டு வாய்களில் தெளிந்த நீர் சொட்டும். கொடி விழித்துக்கொண்டதற்கு இதுவே முதல் அடையாளம். சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி மொட்டுகளைச் சென்றடைகிறது. நாளின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி அளவைக் கடக்கும்போது மொட்டு பருத்து, செதில்கள் பிரிந்து, பச்சை நுனி தெரியும். இலைகள் விரியும் வரை புதிய தளிர் பழைய சேமிப்பை நம்பியே வளர்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில்

கம்பம் பள்ளத்தாக்கின் முதன்மை வகை பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஆகும். கம்பம் பன்னீர் திராட்சை 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இங்கு கடுங்குளிர் இல்லாததால் கொடி ஆண்டு முழுவதும் இலையுடன் இருக்கும். அப்படியே விட்டால் நுனி மொட்டுகள் மட்டும் வளர்ந்து, கீழுள்ளவை அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்டி நீக்கினால் கீழ் மொட்டுகள் துளிர்த்துப் பூங்கொத்து விடும்.

டிசம்பர், சனவரி மாதங்களில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களிலும், மே, சூன் மாதங்களில் செய்தால் ஆகத்து, செப்டம்பர் மாதங்களிலும் அறுவடை கிடைக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் பள்ளத்தாக்கில் ஏதேனும் ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும். ஒவ்வொரு கவாத்தும் கொடியின் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஆகவே அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையே ஓய்வு தராவிட்டால் கொடி நலிந்து, அடுத்த காய்ப்பு குறையும்.

வேதிமுறையும் எச்சரிக்கையும்

குளிர் கிடைக்காத மொட்டுகள் கவாத்துக்குப் பின்னும் ஒரே சீராகத் துளிர்ப்பதில்லை. இதனால் ஒரே பந்தலில் பழுத்த குலையும் காயான குலையும் கலந்து நிற்கும். இதைத் தவிர்க்க, கவாத்து செய்த ஓரிரு நாட்களுக்குள் ஹைட்ரஜன் சயனமைடு கரைசலை மொட்டுகளில் தடவுவது உண்டு. இது மொட்டின் சுவாசத்தைக் குலைத்து, அதன் உறக்கத்தைக் கலைக்கிறது.

இம்மருந்து நச்சுத்தன்மை உடையது. தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். இதைக் கையாளும் நாட்களையொட்டிச் சிறிதளவு மது அருந்தினாலும் முகம் சிவத்தல், படபடப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை ஏற்படலாம். தொழிலாளர் நலனைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2008 ஆம் ஆண்டு இதற்கு அனுமதி மறுத்தது. எனவே வெறுங்கையால் தொடாமல் கையுறை, கண் கவசம் அணிந்து பயன்படுத்துவதுடன், அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் மதுவை அறவே தவிர்க்க வேண்டும்.