லாரி ஏன் 'புஸ்'ஸுன்னு சத்தம் போடுது?

நம்ம ஊர் பைபாஸில் சங்ககிரி, நாமக்கல் லாரிகள் நிற்கும்போது 'புஸ்' என்று சத்தம் வருமே, அது பஞ்சர் இல்லீங்க, பிரேக்!

காரில் பிரேக் பிடிக்க ஆயில். பெரிய லாரியில் காற்று.

1. கம்ப்ரசர்: இன்ஜின் ஓடும்போது காற்றை அழுத்தி அனுப்பும்.
2. ஏர் டேங்க்: அந்தக் காற்றைச் சேர்த்து வைக்கும்.
3. பிரேக் சேம்பர்: பெடலை மிதித்ததும் காற்று இங்கே வந்து ஒரு கம்பியைத் தள்ளும்.
4. லைனிங்: அந்தத் தள்ளலில் விரிந்து டிரம்மின் உள்பக்கம் உரசும். சக்கரம் நிற்கும்.

பெடலிலிருந்து காலை எடுத்தால் காற்று வெளியேறும். அதுதான் 'புஸ்'!

காற்றே இல்லாவிட்டால்? ஹேண்ட் பிரேக்கில் பலமான ஸ்பிரிங் உண்டு. அதைக் காற்றுதான் அமுக்கி வைத்திருக்கும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் காற்று ஏறும்வரை டிரைவர் காத்திருக்கிறார்.

ஒன்றை மறக்காதீர்கள். மிதித்த பிறகு காற்று சக்கரத்துக்குப் போய்ச்சேரச் சிறிது நேரம் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் லாரி ஒரே நொடியில் சுமார் 17 மீட்டர் வந்துவிடும். "டிரைவர் பார்த்துட்டார், நிறுத்திடுவார்"னு நம்பி ரோட்டின் குறுக்கே ஓடாதீங்க!