கையில போன் இருக்கு... பிசிக்ஸ் வராதா என்ன?

பத்தாம் வகுப்பு வரை அறிவியல் புத்தகத்தின் ஒரு பகுதியாக ஒதுங்கி நின்ற இயற்பியல், ப்ளஸ் ஒன் போனதும் இரண்டு தொகுதிப் புத்தகமாக வந்து நிற்கும். முதல் மாதத்திலேயே வெக்டர், வகையீடு என்று மிரட்டும். 'டியூஷன் சேர்த்து விடுங்க' என்று பிள்ளை கேட்க, ஃபீஸ் எவ்வளவு என்று தெரிந்ததும் அப்பா அமைதியாகிவிடும் வீடுகள் இங்கே நிறைய.

சரி என்று விட்டுவிடக் கூடிய பாடமும் இல்லை இது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் 50 இயற்பியலுக்கு. நீட் தேர்வின் 720-ல் 180 இயற்பியலுக்கு.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பாடத்துக்குத் தேவையான தரமான விஷயங்கள் பைசா செலவில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. சிக்கலும் அதுதான். அளவுக்கு அதிகமாகக் கிடைக்கிறது! டெலிகிராம் குழுவில் நூறு பி.டி.எஃப்., யூடியூபில் முடிவே இல்லாத வீடியோக்கள். எல்லாவற்றையும் இறக்கி வைத்த திருப்தியிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். படிப்பு மட்டும் ஓடாது.

அதனால் நீளமான பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, எதை எப்போது திறப்பது என்று பார்ப்போம். ப்ளஸ் ஒன் 'அலைவுகள்' பாடத்தில் வரும் தனி ஊசல் நமக்கு உதாரணம்.

முதலில் புத்தகம்தான்

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசு இணையதளத்தில் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. இரண்டு மீடியத்துக்கும் ஒரே பாடம், ஒரே வரிசை. தமிழ் மீடியத்தில் படிப்பவர்கள் ஆங்கிலப் புத்தகத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 'அலைவு நேரம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று அதே பாடத்தைத் திறந்து பார்த்தால் போதும். தனியாக அகராதி வேண்டாம். நாளைக்குக் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும்போது இந்தப் பழக்கம் கை கொடுக்கும்.

புத்தகத்தில் உள்ள க்யூ.ஆர். கோடை மத்திய அரசின் 'திக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான கூடுதல் விளக்கங்களும் வரும்.

ஆட்டிப் பாருங்கள்

படித்தது மனதில் படமாக விரியவில்லையா? அதற்குத்தான் 'ஃபெட்' இருக்கிறது. பி, ஹெச், இ, டி என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு வென்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய திட்டம் இது. போன் பிரவுசரிலேயே ஓடும் சிமுலேஷன்கள். லாகின் கேட்காது. சில தமிழிலும் இருக்கின்றன.

அதில் ஊசல் பகுதியைத் திறந்து, குண்டின் எடையைக் கூட்டிப் பாருங்கள். அலைவு நேரம் மாறாது. நீளத்தை 1 மீட்டர் வைத்தால் ஒரு அலைவுக்குச் சுமார் 2 விநாடி. நீளத்தைக் கால் பங்காக, 25 சென்டிமீட்டராகக் குறைத்தால், நேரம் பாதியாகி 1 விநாடி ஆகும். அதே 1 மீட்டர் ஊசலை நிலாவுக்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 5 விநாடி. சூத்திரத்தில் வர்க்கமூலம் ஏன் வருகிறது என்பதை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாகிவிட்டது.

வீட்டிலேயே லேப்

அடுத்து, நிஜமாகவே செய்து பாருங்கள். ஒரு பூட்டு, கொஞ்சம் நூல், போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். தொங்கவிடும் இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கட்டும். லேசாக ஆட்டிவிட்டு 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். 40.2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு அலைவுக்கு 2.01 விநாடி. நீளத்தை 4π² ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் இருமடியால் வகுத்தால் 9.77 வரும். புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு பூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள்!

ஏன் ஒன்றை அளக்காமல் இருபது அலைவு? ஸ்டாப்வாட்சைத் தட்டும்போது விரலால் ஏற்படும் தாமதம் இருபதால் வகுபட்டுக் குறைந்துவிடும். பிராக்டிகல் வைவாவில் கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு படி மேலே போக, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' செயலி இருக்கிறது. தேட வேண்டிய எழுத்துகள்: பி, ஹெச், ஒய், பி, ஹெச், ஓ, எக்ஸ். போனுக்குள் இருக்கும் சென்சார்களையே அளவிடும் கருவிகளாக மாற்றிவிடும். விளம்பரம் கிடையாது. அதில் முடுக்கமானியைத் திறந்து போனை மேசையில் வையுங்கள், சுமார் 9.8 காட்டும். ஓர் அடி உயரத்திலிருந்து மெத்தை மேல் போட்டால், விழும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். எடையின்மை என்றால் இதுதான். மெத்தை மேல் மட்டும் போடவும். தரையில் போட்டால் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்!

எங்கே சிக்குதோ, அங்கே வீடியோ

பலரும் வீடியோவில்தான் ஆரம்பிக்கிறார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். பேனாவை எடுத்தால் கை ஓடாது. வீடியோ, சிக்கிய இடத்தை விடுவிக்க மட்டும் இருக்கட்டும். தமிழில் கேட்க, கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் உள்ளன. ஆங்கிலம் பரவாயில்லை என்றால் கான் அகாடமி. சல்மான் கான் என்பவர் 2004-ல் தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைதூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் வளர்ந்த லாப நோக்கமற்ற அமைப்பு அது. பயிற்சிக் கணக்கில் தடுமாறினால் படிப்படியாகக் குறிப்பு கொடுக்கும்.

கடைசியில் கணக்கு

புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை முதலில் முடியுங்கள். அதன் பிறகு, என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் பாடநூல்களோடு 'எக்ஸம்ப்ளர்' என்ற பயிற்சிப் புத்தகமும் இலவசமாக உண்டு. நுழைவுத் தேர்வு எழுதுபவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று. ஒரு கணக்கோடு பதினைந்து நிமிடமாவது மல்லுக்கட்டுங்கள். அதற்கு முன் விடையைப் பார்க்காதீர்கள். அப்படியும் வரவில்லையா? எந்த வரியில் நின்றுபோனது என்று எழுதிக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். 'சார், ஒண்ணுமே புரியல' என்பதைவிட 'சார், இந்த வரி எப்படி வந்துச்சு?' என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும்.

பெற்றோர் கவனத்துக்கு

* 'இலவசம்' என்று சொல்லி முதலிலேயே உங்கள் போன் நம்பரைக் கேட்கும் செயலிகளில் நிதானம் தேவை. சில நாள் டிரையல் முடிந்ததும் 'கோர்ஸ் சேருங்க' என்ற அழைப்புகள் தொடங்கிவிடும். கார்டு விவரமோ ஓ.டி.பி.யோ கேட்டால் பிள்ளையே முடிவெடுக்க வேண்டாம்.
* வீட்டுக்கு ஒரே போன், அதுவும் பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால், இரவில் மீதமிருக்கும் டேட்டாவில் அன்றைய பாடத்தை இறக்கி வையுங்கள். ஃபெட் சிமுலேஷன்களையும் டவுன்லோடு செய்து, நெட் இல்லாமலே ஓட்டலாம்.
* அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆசிரியரிடம் நேரம் கேட்கச் சொல்லுங்கள்.
* பிள்ளை போனோடு உட்கார்ந்தால், 'என்ன பார்க்கிற?' என்று அதட்டாமல் 'எனக்கும் காட்டு' என்று பக்கத்தில் உட்காருங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ விளக்கிச் சொல்லும் அளவுக்குப் புரிந்துவிட்டால், பரீட்சைத் தாளில் எழுதுவது பெரிய காரியமில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பூட்டும் நூலும் எடுங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடலாம்!