வண்டியைத் தூக்கப் போறீங்களா?

நம்ம ஊரில் 'அவன் வண்டியைத் தூக்கிட்டாங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். மூணு மாசம் டியூ கட்டலை. விடியற்காலையில் ஃபைனான்ஸ் ஆசாமிகள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! அமெரிக்காவில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அங்கே வண்டிக்குச் சொந்தக்காரரே, கைக்காசைச் செலவழித்து, தன் வண்டியைத் தானே தூக்கிக்கொள்கிறார். ரெண்டு இஞ்ச், மூணு இஞ்ச், சில பேர் ஆறு இஞ்ச்!

பிக்கப் டிரக் என்றால் நமக்குத் தக்காளிக் கூடையும் தண்ணீர் கேனும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே டை கட்டின குமாஸ்தாகூட அதில்தான் ஆபீஸ் போகிறார். சனிக்கிழமையானால் அதே வண்டியில் மலை, மணல், காட்டாறு. அப்போது வருகிற ஆசைதான் 'லிஃப்ட் கிட்'. சஸ்பென்ஷனில் சில உதிரிகளை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டுகிற சமாச்சாரம். பெரிய டயர் நுழையும், கல்மேட்டில் அடிவயிறு இடிக்காது, சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். (மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிஜத்தில் அதுதான் முதல் காரணம்!)

உதாரணத்துக்கு ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா டகோமா, 1999 மாடல், ஃபோர் வீல் டிரைவ். 1995-ல் வந்து 2004 வரை ஓடிய முதல் தலைமுறை டகோமாவில் இது ஒன்று. முன்னால் ஷாக் அப்சார்பரைச் சுற்றிய காயில் ஸ்பிரிங். பின்னால் நம்ம லாரிகளில் இருப்பது போலப் பட்டை பட்டையாக அடுக்கின லீஃப் ஸ்பிரிங். சம்பளக்காரப் பையன் ஒருவன் செகண்ட்ஹேண்டில் இதை வாங்கிவிட்டான். கையில் கொஞ்சம் டாலர் இருக்கிறது. நேரே கடைக்குப் போய், 'பெருசா ஒரு கிட் குடுங்க' என்கிறான்.

நில்லுப்பா, அவசரப்படாதே!

முதல்ல அடியில படு!

பழைய சட்டையில், கால் டாலர் சைஸ் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். கையில் ஒரு சின்ன சுத்தியல். ஃப்ரேமைத் தட்டிக்கொண்டே வந்தால் 'டங், டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் உள்ளே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். பனி கொட்டும் ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு ஃப்ரேமை அரித்துத் தீர்த்துவிடும். 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களில் இது பெரிய தலைவலியாகி, 2008-ல் டொயோட்டா அந்த வண்டிகளுக்குத் துரு உத்தரவாதத்தைப் பதினைந்து வருஷமாக நீட்டியது. ரொம்ப மோசமான வண்டிகளை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்தக் கெடுவெல்லாம் முடிந்து போச்சு. இப்போது ஃப்ரேம் ஓட்டையானால் நஷ்டம் நம்முடையதுதான். ஓட்டை ஃப்ரேமுக்கு லிஃப்ட் கிட் போடுவது, கரையான் அரித்த உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டுகிற மாதிரி.

அடுத்து, முன் சக்கரத்தின் கீழ் பால் ஜாயின்ட். இந்த வண்டியில் அது அமைந்திருக்கிற விதத்தில், வண்டியின் பாரம் அதை அமுக்குவதில்லை, பிரித்து இழுக்கிறது. தேய்ந்து போய்க் கழன்றால் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உட்காரும். ஓடுகிற ஓட்டத்தில்! 2001-04 டகோமாக்களை 2005-ல் இந்த பால் ஜாயின்டுக்காகவே திருப்பி அழைத்தார்கள். 1999 மாடலிலும் அதே ஜாதி அமைப்புதான். ஆகவே கிட்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் முதல் செலவு இதுதான். வெளியே தெரியாது, ஃபோட்டோவில் விழாது. ஆனாலும் செய்ய வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்?

இந்த வண்டிக்கு இரண்டரை இஞ்ச் சுகம். மூணு இஞ்ச் எல்லை. ஏன்? முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற ஆக்ஸிலின் ரெண்டு பக்கமும் சி.வி. ஜாயின்ட் இருக்கிறது. நம்ம மணிக்கட்டு மாதிரி. லேசாக மடக்கி வேலை செய்தால் நாள் பூரா செய்யும். முழுக்க மடக்கி வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னால்? மேலே மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் தெறிக்கும், மண் புகும், 'டக் டக்' என்று கத்த ஆரம்பிக்கும்.

நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் வேணும் என்றால், டிஃபரென்ஷியலையே கீழே இறக்கிப் புது பிராக்கெட்டெல்லாம் போடுகிற பெரிய கிட்கள் இருக்கின்றன. அது வெட்டி, ஒட்டிச் செய்கிற ஆபரேஷன். பர்ஸுக்கும் சேர்த்துத்தான்!

'பாடி லிஃப்ட்' என்று ஒன்று விற்பார்கள். ஃப்ரேமுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டையை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. டயருக்கு இடம் கிடைக்கும். சஸ்பென்ஷனில் ஒரு மாற்றமும் இருக்காது. பார்க்க உசரம், அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு ஹைஹீல்ஸ்!

கடையில் ரெண்டு வழி காட்டுவார்கள். ஒன்று ஸ்பேசர். முன் ஷாக்குக்கு மேலே வைக்கிற ஒரு வட்டத் துண்டு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங், சக்கரத்துக்கு நேரே இல்லாமல் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால், ஒரு இஞ்ச் ஸ்பேசர் வைத்தால் வண்டி சுமார் ரெண்டு இஞ்ச் எழும்பும். 'ரெண்டு இஞ்ச் வேணும், ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் வச்சேன்' என்கிற ஆசாமி அப்புறம் ஏணி தேட வேண்டியதுதான்.

ஸ்பேசர் மலிவு. ஆனால் கீழே இருப்பது அதே 1999-ம் வருஷத்து ஸ்பிரிங், அதே தொய்ந்த ஷாக். தாத்தாவுக்கு ஹைஹீல்ஸ் போட்டுவிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிற மாதிரி!

ரெண்டாவது வழி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்துப் புதுசு. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் இமு, ஜெர்மனியின் பில்ஸ்டீன் என்று பேர்போன சரக்குகள் உண்டு. நாலு சக்கரத்துக்கும் போட்டால் ஆயிரம் டாலரைத் தாண்டலாம். பழைய வண்டிக்கு இதுதான் சரி. எப்படியும் ஷாக் மாற்ற வேண்டிய வயசு அதற்கு வந்துவிட்டது.

பின்பக்கம்? லீஃபுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைப்பது மலிவு வழி. ஒரு கட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டை மேல் கட்டை அடுக்குகிறவர்கள் பக்கத்து சீட்டில் உட்காரவே கூடாது. கூடுதலாக ஒரு பட்டை செருகுவது அடுத்த வழி. உள்ளதிலேயே நல்லது, புது லீஃப் செட்.

எதுவானாலும், 'என்ன பாரம் ஏத்துவே?' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். காலி வண்டியில் ஆபீஸ் போகிறவர் கனமான ஸ்பிரிங் போட்டால், தினமும் மாட்டு வண்டி சவாரிதான்.

யாரும் சொல்லாத கம்பி

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். பின் ஆக்ஸிலிலிருந்து ஃப்ரேமுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது ஒரு பிரேக் வால்வோடு சேர்ந்தது. பாரம் ஏற்றினால் வண்டி கீழே அமுங்கும், கம்பி நகரும், 'ஓகோ, சரக்கு இருக்கு' என்று வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக இருந்தால் குறைக்கும். அழகான ஏற்பாடு!

நாம் மூணு இஞ்ச் தூக்கியதும் என்ன ஆகிறது? ஃப்ரேம் ஆக்ஸிலை விட்டு விலகுகிறது. வால்வு, 'வண்டி சுத்தமாகக் காலி' என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பின்னால் அரை டன் சரக்கு இருந்தாலும்! முன் பிரேக் ரெண்டும் தனியாக மல்லுக்கட்டும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. தூக்கின அளவுக்கு அந்தக் கம்பியின் நுனியையும் ஒரு சின்ன பிராக்கெட் போட்டு உயர்த்தினால் தீர்ந்தது. கிட் வாங்கும்போது, 'இதுக்கு பிராக்கெட் இருக்கா?' என்று கேளுங்கள். மெக்கானிக் முழித்தால் வேறு கடை.

டயர் கணக்கு

சஸ்பென்ஷனைத் தூக்கினால் பின் டிஃபரென்ஷியல் ஒரு நூலளவுகூட உயராது. அது ஆக்ஸிலோடு ஒட்டியது. டயர் பெருத்தால்தான் உயரும். அதுவும் பெருத்ததில் பாதி. 265/70 ஆர்16 டயர் போட்ட வண்டிக்கு மூணு இஞ்ச் தூக்கினால் 265/75 ஆர்16 பெரும்பாலும் சங்கடமில்லாமல் உட்காரும். அதைத் தாண்டி 285/75-க்குப் போனால் ஃபெண்டரை வெட்ட வேண்டும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அது 60 மைல் காட்டும்போது நிஜத்தில் 64! போலீஸ்காரரிடம் 'மீட்டர் அப்படித்தான் காட்டுச்சு சார்' என்றால் அங்கேயும் எடுபடாது. தூக்கின கையோடு வீல் அலைன்மென்ட் பண்ணாவிட்டால் புது டயர் கோணல்மாணலாகத் தேயும். உசரம் கூடினதால் வளைவுகளில் பழைய வேகமும் கூடாது.

முன்பக்கத்தை மட்டும் எக்கச்சக்கமாகத் தூக்கி, வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற கோஷ்டியும் இருந்தது. எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட். ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியாது. வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் இதற்குத் தடை போட்டுவிட்டது. முன் ஃபெண்டர், பின் ஃபெண்டரைவிட நாலு இஞ்ச் கூடுதலாக இருந்தால் குற்றம்!

கடைசியாக நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. படித்துவிட்டு அப்பாவின் பழைய பிக்கப்பை நோட்டம் விடாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்.

நாம் மூணு இஞ்ச் தூக்கினால், ஆர்.டி.ஓ. முழுசாத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்!